பழுப்பு வளையம்

உரல் கிடக்கும் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்ததும் தேவகனி துணி பிழிவதை நிறுத்தினாள். சனிக்கிழமை மத்தியானம். ஹாஸ்டல் பிள்ளைகள் தலைமுடி உலர்த்திக்கொண்டோ வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டோ இருக்கிற நேரம். அந்த நேரத்தில் இவ்வளவு சிரிப்பு வருகிறதென்றால் ராஜபாய் ரசாயனம் சொல்லிக்கொடுக்கிறாள் என்று அர்த்தம். ரசாயனத்தில் சிரிக்க என்ன இருக்கிறது? தேவகனி ஒன்றரை வருஷமாக அதைப் படிக்கிறாள். ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

ஈரக்கையோடு போய்க் கதவோரம் நின்றாள். ஜூனியர் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் ராஜபாயைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் உரலின் விளிம்பில் சாய்ந்துகொண்டு, கல்யாணத் தரகர்போலக் கைகளை நீட்டி மடக்கிப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்த வீட்டுல சோடியம்னு அண்ணன், குளோரைடுன்னு தங்கச்சி. அந்த வீட்டுல வெள்ளி அண்ணன், நைட்ரேட்டு தங்கச்சி. ரெண்டு வீட்டுக்காரங்களும் பேசி, கொண்டு குடுத்துக் கெட்டிக்கிடுகா. உனக்க தங்கச்சி எனக்கு, எனக்க தங்கச்சி உனக்கு. அவ்வளவுதான் மக்கா டபிள் டீகம்போசிஷன்."

"அப்பம் அந்த வெள்ளையாட்டு அடியில படியுகது?" என்றாள் ஜெபகுமாரி.

"அதா? வெள்ளிக்கும் குளோரைடுக்கும் அப்பிடியொரு மனப்பொருத்தம். மாப்பிளையும் பொண்ணும் அறைக்குள்ள போய்க் கதவ அடச்சாச்சு. பின்ன வெளிய வருகதே இல்ல. சோடியமும் நைட்ரேட்டும் ஊர்சுத்திக. வெள்ளத்துல கறங்கிக்கிட்டே கெடக்கும்."

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜெபகுமாரி சிரித்துக்கொண்டே எழுதவும் செய்தாள். அதுதான் தேவகனிக்குச் சுருக்கென்றது. போன வாரம் இதே ஜெபகுமாரிக்கு இதே பாடத்தை அவள் புத்தகத்தில் உள்ளபடி முக்கால் மணி நேரம் விளக்கியிருந்தாள். அந்தப் பிள்ளை தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனது. ஒரு வரி எழுதவில்லை.

ராஜபாய் நிமிர்ந்து பார்த்து, "ஏட்டி, உள்ள வா. எனக்குச் சொல்லித் தந்த டீச்சரு வந்தாச்சு," என்றாள். "எனக்குத் துணி கெடக்கு," என்று சொல்லிவிட்டுத் தேவகனி திரும்பிவிட்டாள்.

சொல்லித் தந்தது அவள்தான், அதில் பொய்யில்லை. நாகர்கோவில் மிஷன் கல்லூரியில் இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம் சயன்ஸ் படித்த பெண்கள் மொத்தமே இரண்டு பேர். குழித்துறைக்குப் பக்கத்து ஊர்ச் சபை உபதேசியாரின் மகள் தேவகனி. புத்தளம் உப்பளத்தில் கங்காணியாக இருந்தவரின் மகள் ராஜபாய். ஆண்பிள்ளைகளோடு சேர்ந்து உட்காரக் கூடாதென்று ஜன்னலோரம் தனியாகப் போட்ட ஒரே பெஞ்சு இருவருக்கும். முதல் வருஷம் புரொபசரின் இங்கிலீஷ் ராஜபாயின் தலைக்கு மேலே பறந்து போனது. கிறிஸ்மஸ் பரீட்சையில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கி, காகிதத்தை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வந்து, "எனக்கு ஒரு மண்ணும் விளங்கல்ல தேவகனி. நீ சொல்லித் தருவியா?" என்று கேட்டாள். அன்று தேவகனிக்கு இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. தனக்குத் தெரிந்ததை ஒருத்தி வாய் பிளந்து கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அணு எடை, வாலென்சி, சமன்பாடு என்று ஒவ்வொன்றாக அவள் ஊட்டிவிட்டாள்.

வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பார்கள். இந்தக் கடா பாயக்கூட இல்லை. நன்றியோடு பக்கத்தில் நின்றுகொண்டே வளர்ந்துவிட்டது. பாய்ந்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

உப்புச் சோதனை தொடங்கிய பிறகு நிலைமை இன்னும் மோசமாயிற்று. ஒரு சிட்டிகை உப்பைக் கொடுத்து அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். தேவகனி அட்டவணையைப் பார்த்து முதல் குரூப், இரண்டாம் குரூப் என்று படிப்படியாக இறங்கிவருவாள். ராஜபாயோ காகிதத்தைப் பிரித்து உப்பை விரலில் தேய்த்துப் பார்த்ததுமே, "இது அளத்துல உப்பு வாரின பொறவு மிஞ்சுகது மாதிரில்லா இருக்கு, கசப்புச் சாதி," என்பாள். சோதித்தால் மக்னீசியம்தான். டெமான்ஸ்ட்ரேட்டர் யோவான் சார் அதைக் கேட்டு, "குட்டி கடலையே கலக்கிக் குடிச்சிருக்கா," என்று ஆண்பிள்ளைகள் முன்னால் சொன்னார். தேவகனியும் மக்னீசியம் என்று சரியாகத்தான் எழுதியிருந்தாள். அவளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

இதெல்லாம் வெறும் பாராட்டு விஷயமாக இருந்திருந்தால் தேவகனி எப்படியாவது விழுங்கியிருப்பாள். ஆனால் அந்த வருஷம், 1935-ல், மிஷன் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டரம்மா இந்தக் கல்லூரியிலிருந்து ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து வைத்தியம் படிக்க அனுப்பப்போவதாகச் சொல்லியிருந்தார். ஒரே ஒருத்தியை. மாதிரிச் செய்முறைப் பரீட்சையன்று தானே வந்து பார்த்து முடிவு செய்வதாகவும் சொல்லியிருந்தார். தேவகனியின் அப்பா இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் சபையார் முன்னால், "எங்கள் மகளை வைத்திய ஊழியத்துக்கு எடுத்துப் பயன்படுத்தும் ஆண்டவரே," என்று உரக்க ஜெபித்துவந்தார். ஊரில் அவளை இப்போதே டாக்டரு என்றுதான் கூப்பிடுவார்கள். லீவுக்குப் போனால் கிழவிகள் நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். ராஜபாய் போய், தான் போகாமல் இருந்தால் அந்தக் கிழவிகளின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தாலே அவளுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான். வேறு பெயர் சொல்லி அதை மூடிவைக்க அவள் முயன்றதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பாவங்களின் பட்டியலைச் சின்னப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்தவளே அவள்தான்.

பரீட்சைக்கு முந்தின வாரம் ராஜபாய் காய்ச்சலென்று ஊருக்குப் போனாள். அந்த வாரம்தான் யோவான் சார் நைட்ரேட்டுக்கான சோதனையைச் செய்துகாட்டினார். மற்றச் சோதனைகளில் எதை ஊற்றினாலும் குழாயின் வாயைப் பெருவிரலால் பொத்தி நன்றாகக் குலுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அது கைப்பழக்கமாகவே ஆகியிருந்தது. இது ஒன்றுக்கு மட்டும் குலுக்கக் கூடாது. குலுக்கினால் குழாயின் நடுவே வருகிற பழுப்பு வளையம் கலைந்துபோகும், போதாதற்குக் கந்தகத் திராவகமும் தண்ணீரும் கலந்து கொதித்துக் கையிலும் முகத்திலும் தெறிக்கும் என்று சார் இரண்டு தடவை சொன்னார்.

புதன்கிழமை ராஜபாய் திரும்பி வந்தாள். வெள்ளிக்கிழமை பரீட்சை. வந்ததும் வராததுமாகப் படிப்பறை ஜன்னலோரம் தேவகனியிடம் வந்து உட்கார்ந்தாள். முகம் காய்ச்சலில் மெலிந்திருந்தது.

"நான் இல்லாதப்பம் சாரு என்னவெல்லாம் நடத்துனாரு? ஒண்ணு விடாம சொல்லணும் கேட்டியா."

தேவகனி சொன்னாள். உப்பைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். அன்னபேதி என்கிற பச்சை இரும்பு உப்பை அப்போதே புதிதாகக் கரைத்து அதில் ஊற்ற வேண்டும். குழாயைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு கந்தகத் திராவகத்தை உள்சுவரோடு சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். அது கனமானது, அடியில் போய் நிற்கும்.

"பொறவு?"

"திராவகமும் வெள்ளமும் தொடுக எடத்துல பழுப்பா ஒரு வளையம் வரும். வந்தா நைட்ரேட்டு."

ராஜபாய் எழுதிக்கொண்டே, "எல்லாத்தையும் போல கடைசில குலுக்கணும், இல்லியா?" என்று கேட்டாள்.

தேவகனி அப்போது தன் நோட்டில் தேதி போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"ம்," என்றாள்.

அவ்வளவுதான். ஒரு ‘ம்’. அதைப் பொய்யென்றுகூடச் சொல்ல முடியாது, தேதியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிடலாம். வியாழக்கிழமை காலையில் கிணற்றடியில் இருவரும் சேர்ந்துதான் பல் தேய்த்தார்கள். சேர்ந்துதான் கஞ்சி குடித்தார்கள். சாயங்கால ஜெபத்தில் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சொல்வதற்கு இடமில்லாமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கழித்துச் சொல்லலாம் என்று தேவகனி நினைத்தாள். ராஜபாய்க்கு நைட்ரேட்டே வராமல் போகலாம், வந்தால் என்ன, ஒரு வளையம் கலையும், அதனால் உயிரா போய்விடும் என்றும் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜை மேஜையாக நின்று பார்த்தார். தேவகனிக்கு வந்தது ஈயம். பத்தே நிமிஷத்தில் அதைப் பிடித்துவிட்டாள். மிச்ச நேரமெல்லாம் அவள் கண் எதிர்ப்பக்கத்திலேயே இருந்தது. ராஜபாய் அன்னபேதி பாட்டிலை எடுத்தபோது நெஞ்சு ஒரு தடவை துள்ளியது. அது பயமில்லை, சந்தோஷம்தான் என்பதை அவள் பிறகு பலநாள் நினைத்துக் கூசினாள்.

ராஜபாய் குழாயைச் சாய்த்தாள். திராவகத்தைச் சுவரோடு இறக்கினாள். டாக்டரம்மா அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். ராஜபாயின் பெருவிரல் குழாயின் வாய்க்குப் போனது. அப்போதுதான் சார் சொன்ன இரண்டாம் பாதி தேவகனிக்கு நினைவு வந்தது. கொதிக்கும், முகத்தில் தெறிக்கும். இரண்டு நாளாக வளையத்தை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தாளே தவிர, அந்த முகத்தை நினைக்கவில்லை. கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தாள். டாக்டரம்மா அங்கே நிற்கிறாரே என்று ஒரு எண்ணம் குறுக்கே வந்தது. குரல் வெளியே வரவில்லை.

ராஜபாய் குலுக்கவில்லை. பெருவிரலைச் சட்டென்று எடுத்துவிட்டு, குழாயை நேராகப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். உதடு மட்டும் உள்ளே மடிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் குழாயின் நடுவே வளையம் தெளிவாகத் தெரிந்தது. யோவான் சார் குனிந்து பார்த்தார்.

"நல்லா வந்திருக்கே. இத நடத்துன அன்னைக்கு நீ இல்லியே குட்டி? ஆரு சொல்லித் தந்தா?"

"தேவகனி சார். கடைசில மட்டும் குலுக்கப்பிடாதுன்னு எடுத்துச் சொன்னா."

பரீட்சை முடிந்து எல்லாரும் வராந்தாவுக்கு வந்தபோது டாக்டரம்மா தேவகனியைத் தனியாகக் கூப்பிட்டார். வேதப் புத்தகத்திலிருந்து எடுத்ததுபோன்ற தமிழில், "உனக்குப் போட்டியானவளுக்கும் நீ கற்பித்தாய் அல்லவா? அப்படிப்பட்டவளே எனக்கு வேண்டும். ஆஸ்பத்திரியிலே தாய்மாருக்கும் நர்ஸுமாருக்கும் கற்பிக்க வேண்டுமே. இன்று உன் தகப்பனாருக்கு எழுதுவேன்," என்றார். காருக்குப் போக இறங்கினார்.

தேவகனிக்கு முதலில் வந்தது குளிர்ந்த சந்தோஷம். அப்பா சபையில் கடிதத்தைப் படிப்பார். கிழவிகள் அழுவார்கள். பிறகுதான் அவள் திரும்பி ராஜபாயைப் பார்த்தாள். தூணோரம் நின்று ராஜபாய் அவளைப் பார்த்துச் சிரித்தாள். அந்த முகத்தில் ஒரு குத்தல், ஒரு கேலி, ‘எனக்குத் தெரியும்ட்டி’ என்ற ஒரு சின்னச் சுழிப்பு இருக்குமா என்று தேவகனி தேடினாள். இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருக்கலாம். இப்படித் தூக்கிக் கொடுக்கவும் இவளால் முடிகிறதே என்று அதற்கும் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

"என்னட்டி முழிக்க? கெடச்சாச்சில்லா?" என்றாள் ராஜபாய். அவளுடைய வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. சேலைத் தலைப்பு நனைந்து, தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

தேவகனி பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள். ஈரத் தலைப்புக்குள் பெருவிரலைச் சுற்றி வைத்திருந்தாள் ராஜபாய். சுற்று நெகிழ்ந்த இடத்தில் விரலின் தோல் வெந்து வெளுத்து, ஓரமெல்லாம் சிவந்திருந்தது. குழாயின் வாயில் ஒட்டியிருந்த திராவகத்தின் மேல்தான் அவள் விரலை வைத்திருக்கிறாள். குலுக்குவதற்காகவே வைத்திருக்கிறாள். சுட்ட பிறகு, சத்தம் காட்டாமல் நின்றிருக்கிறாள்.

கீழே டிரைவர் கார்க் கதவைத் திறந்தான்.

தேவகனி எட்டி அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுட்டி," என்றாள் ராஜபாய் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒண்ணுமில்ல. விடு."

"டாக்டரம்மா!" என்று தேவகனி கூப்பிட்டாள். இந்தத் தடவை குரல் வெளியே வந்துவிட்டது, அவளுக்கே அது வேறு யாருடைய குரல்போலவோ கேட்டது.

காரின் படியில் ஒரு காலை வைத்திருந்த டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். வராந்தாவில் இரண்டு பெண்கள் ஒரே கையைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி வெளிச்சத்துக்கும் ஒருத்தி தூணின் மறைவுக்குமாக இழுத்துக்கொண்டு நின்றார்கள்.