மேகத்துக்கு மச்சான்

ஹேமலதாவின் நாக்கில் மிளகாய் உண்டு என்று அவளோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். அதை அவள் பெருமையாகத்தான் வைத்திருந்தாள். ஏற்காட்டில் ஒரு பள்ளியில் பதினோரு வருடமாக இயற்பியல் எடுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுகிற அறிவியல் வட்டத்துக்கும் அவள்தான் செயலாளர். வட்டம் என்றால் பெரிய படிப்பாளிகள் கூட்டமில்லை. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ஒரு ரைட்டர், ஒரு நர்ஸ், தபால் ஆபீஸ்காரர் ஒருவர், மூன்று டீச்சர்கள், கரடியூரிலிருந்து பஸ் பிடித்து வரும் மாதப்பன் என்கிற விவசாயி, இப்படி. ஒரு விஷயம் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாவிட்டால் இவர்கள் யாருக்கும் சோறு இறங்காது.

போன பொங்கல் லீவில் வட்டத்துக்கு ஐந்து வருடம் நிறைந்தது. சாரணர் பிள்ளைகளுக்குத் தகுதிச் சின்னம் கொடுப்பதுபோல ஆளுக்கொரு பேட்ஜ் கொடுக்கலாம், ஆனால் அவரவர் கிறுக்குத்தனத்துக்குக் கொடுக்கலாம் என்று ஹேமலதாவுக்குத் தோன்றியது. இரண்டு நாள் உட்கார்ந்து வாசகங்களை யோசித்து, சேலத்தில் ஒரு கடையில் வட்ட பேட்ஜ்களாக அடித்து வாங்கி வந்தாள்.

ரைட்டர் சக்திவேலுக்கு 'தயிர் டப்பாவில் பாம்பு வைத்தவர்'. ரோட்டில் அடிபட்டுக் கிடந்த பாம்பை வகை கண்டுபிடிப்பதற்காக ஃப்ரிட்ஜில் ஒளித்து வைக்க, அவர் மனைவி மூன்று நாள் அம்மா வீட்டுக்குப் போன கதை எல்லோருக்கும் தெரியும். நர்ஸ் பிரிஸ்கில்லாவுக்கு 'கல்லை நக்கிப் பார்த்தவர்'. சில கற்கள் நாக்கில் ஒட்டும் என்று எங்கோ படித்ததிலிருந்து அவள் வழியில் கிடக்கும் கல் எதையும் விட்டதில்லை. தபால் ஆபீஸ் கருப்பண்ணனுக்கு 'முகூர்த்த நேரத்தில் மொட்டைமாடியில் இருந்தவர்'. விடிவதற்கு முன் மைத்துனி கழுத்தில் தாலி ஏறும்போது அவர் எரிகல் எண்ணிக்கொண்டிருந்தார். தனக்கும் ஒன்று எழுதிக்கொண்டாள்: 'மூன்றாவது தசமத்துக்கு உயிரை விடுபவர்'.

மாதப்பனுக்கு எழுதியது 'மேகத்துக்கு மச்சான்'.

அதைப் படித்ததும் கூடமே சிரித்தது. மற்றவற்றைவிட அதற்குத்தான் அதிகச் சிரிப்பு. மாதப்பன் பேட்ஜைக் கண்ணருகே கொண்டுபோய் எழுத்துக்கூட்டிப் படித்தார். தானும் சிரித்தார். வெள்ளைச் சட்டையின் பையில் குத்திக்கொண்டு, "நல்லாருக்குதுங்க டீச்சர்" என்றார்.

எல்லோரும் சிரித்ததற்குக் காரணம் அவருடைய மழைக் கணக்கு. வட்டம் தொடங்கிய மறுவருடம் இரண்டு மழைமானிகள் வாங்கி, ஒன்றைப் பள்ளி வளாகத்திலும் ஒன்றை மாதப்பனின் தோட்டத்திலும் வைத்தார்கள். தினமும் காலை எட்டரைக்கு அளந்து, மாதாமாதம் சேலத்தில் ஒரு கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். மாதப்பன் ஒரு நாள் தவறியதில்லை. நோட்டில் எழுதி, போனில் படித்துச் சொல்வார். ஆனால் பள்ளியில் நாற்பத்தொன்று மில்லிமீட்டர் என்றால் அவர் ஐம்பத்தாறு என்பார். பஸ்ஸில் இருபது நிமிஷத் தூரம். அதற்குள் எப்போது பார்த்தாலும் அவர் பக்கம் மட்டும் எப்படி இவ்வளவு கூடும்?

"அண்ணா, முந்தின நாள் தண்ணிய ஊத்திட்டுத்தானே வைக்கறீங்க?" என்று ஹேமலதா ஒரு தடவை கேட்டாள்.

"ஊத்திப்போட்டு, துணி வெச்சுத் தொடச்சுத்தானுங்க வெக்கறேன்."

அவள் நம்பவில்லை. அடுத்த மாதத்திலிருந்து அவர் சொன்ன எண்களில் கால் பங்கைக் குறைத்துக் கணினியில் ஏற்றினாள். ஐம்பத்தாறு நாற்பத்திரண்டானது, பள்ளியின் எண்ணோடு ஒட்டி நின்றது. முதல் மாதம் கை கொஞ்சம் தயங்கியது. பிறகு அது பழகிவிட்டது. தப்பான அளவைச் சரிசெய்கிறோம் என்றே நினைத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு அது பெரிய காரியம் என்றும் படவில்லை.

பேட்ஜில் இருந்த பெயர் ஊரில் பரவியது. கரடியூர் வழியாகப் போகும் நாகலூர் பஸ்ஸில் கண்டக்டர், "மேகத்து மச்சான், உள்ள போங்க" என்று குரல் கொடுப்பதை ஹேமலதாவே ஒருநாள் கேட்டாள். தன் வாசகம் இத்தனை தூரம் நடந்திருக்கிறதே என்று அவளுக்கு உள்ளூர மகிழ்ச்சி.

ஜூன் மாதம் அந்தக் கல்லூரியிலிருந்து கவிப்பிரியா என்ற ஆராய்ச்சி மாணவி வந்தாள். தானாகவே அளந்து பதிவு செய்யும் கருவிகள் இரண்டைக் கொண்டுவந்து, பள்ளி மழைமானிக்குப் பக்கத்தில் இல்லாமல் விளையாட்டு மைதானத்தின் நடுவே ஒன்றும், மாதப்பனின் தோட்டத்தில் ஒன்றுமாக வைத்தாள். செப்டம்பர் நடுவில் வந்து கருவிகளையும் மாதப்பனின் நோட்டையும் ஒத்துப் பார்த்துவிட்டு, ஒரு புதன்கிழமை மாலை மாதப்பனையும் ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னாள். மேஜைமேல் மூன்று தாள்களை விரித்தாள்.

"மேடம், உங்க மழைமானி தண்ணித் தொட்டிக்கு ஒட்டினாப்புல இருக்கு. இந்த மலையில மழை சாஞ்சு அடிக்குது, தொட்டி கால்வாசிய மறைச்சிடுது. அதான் உங்களுக்கு எப்பவுமே கம்மி. அண்ணனோட நோட்டும் மெஷினும் ஒண்ணாவே இருக்கு, ஒரு மில்லிமீட்டர் பிசகல."

ஹேமலதாவின் காது மடல் சுட்டது. தொட்டி அவள் கண்ணெதிரே கட்டியது. மழைமானி வைத்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவள்தான்.

"ஆனா ஒண்ணு புரியல" என்று கவிப்பிரியா மூன்றாவது தாளை நகர்த்தினாள். "எங்களுக்கு வந்த அட்டவணையில அண்ணன் நம்பர் எல்லாமே குறைஞ்சிருக்கு. நோட்டுல ஐம்பத்தாறு, இங்க நாற்பத்திரண்டு. நாலு வருஷமும் இப்படித்தான். இது எங்க மாறுச்சு?"

சொல்லிவிட வேண்டியதுதான் என்று ஹேமலதா வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாந்தானுங்க" என்றார் மாதப்பன். "போன்ல படிச்சுச் சொல்றப்ப தப்பாச் சொல்லியிருப்பனுங்க. கண்ணு முன்ன மாதிரி தெரியறதில்ல."

கவிப்பிரியா அவரைப் பார்த்தாள். பிறகு ஹேமலதாவைப் பார்த்தாள். தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதினாள். அந்தப் பேனா ஓடி முடிகிற வரைக்கும் உண்மையைச் சொல்ல நேரம் இருந்தது. ஹேமலதா சொன்னது வேறு.

"பரவால்ல அண்ணா. இனிமே பாத்துச் சொல்லுங்க."

மாதப்பன் தலையாட்டினார். டீ வந்தது. அவர் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிப் போனார்.

அன்றிரவு மட்டுமல்ல, அடுத்த இரண்டு நாளும் அந்த ஒரு வாக்கியம் அவளை விடவில்லை. வகுப்பில் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் தன் குரலே காதில் கேட்டது. எவ்வளவு பெரிய மனது பண்ணி மன்னித்தாள்! தான் செய்த தப்புக்கு, அதைச் செய்யாத மனிதரை. சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். என்ன உடம்புக்கு என்று கேட்ட கணவனிடம் தலைவலி என்றாள். அதுவும் பொய்யாகப் போனதில் இன்னும் கூசினாள்.

சனிக்கிழமை கரடியூருக்குப் பஸ் ஏறினாள். கண்டக்டர் அவளை அடையாளம் கண்டு, "மச்சான் ஊட்டுக்குங்களா டீச்சர்?" என்று சிரித்தார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வாசலில் மாதப்பனின் மனைவி பூவாயி சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை வைத்துவிட்டு நாற்காலி எடுத்துப் போட்டாள்.

"தோட்டத்துல இருக்கறாருங்க, வந்திருவாரு."

மறுபடி முறத்தை எடுத்துப் புடைத்தாள். கையை நிறுத்தாமலே கேட்டாள்.

"ஏனுங்க டீச்சர், மேகத்துக்கு மச்சான்னா என்னங்க அர்த்தம்?"

ஹேமலதா கைப்பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"பரிசுன்னு சொல்லிக் கொண்டாந்தாருங்க. என்ர தம்பி ஊட்டு வளைகாப்புக்குக் குத்திக்கிட்டு வந்தாரு. அங்க காலேஜு படிக்கிற புள்ள ஒண்ணு, மாமா, அப்படீன்னா நீங்க மழைய இட்டுக்கட்டிச் சொல்றீங்கன்னுதான அர்த்தம்னு கேட்டுப்போடுச்சு. எல்லாருஞ் சிரிச்சாங்க. இவரும், ஆமா கண்ணு, வெளையாட்டுக்குன்னு சிரிச்சாரு." முறத்தைத் தட்டிக் கீழே வைத்தாள். "அன்னிக்கு அவரு எலையில உக்காரலீங்க. வயிறு செரியில்லைன்னு வெளிய நின்னுக்கிட்டாரு. எனக்குத் தெரியாதுங்களா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம். பூவாயி நடந்ததை நடந்தபடி சொன்னாள், அவ்வளவுதான். ஹேமலதா குனிந்து தரையில் சிதறிக் கிடந்த சாமை உமியையே பார்த்திருந்தாள்.

மாதப்பன் மண்வெட்டியோடு வந்தார். அவளைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அவள் எழுந்து நின்றுகொண்டே சொன்னாள். எந்த மாதத்திலிருந்து குறைத்தாள், எப்படிக் குறைத்தாள், அவர் பொய் சொல்கிறார் என்று நினைத்தது, அந்த நினைப்பில்தான் அந்தப் பேட்ஜை எழுதியது, எல்லாவற்றையும்.

"தெரியுமுங்க" என்றார் அவர்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு வருசத்துக்கு முன்ன அந்த அட்டவணைய ஆய்வுக்கூடத்துச் செவுத்துல ஒட்டியிருந்தீங்க. என்ர நோட்டோட ஒத்துப் பாத்தேன், ஒத்து வரலீங்க. கேக்கலாம்னுதான் இருந்தேன். படிச்சவங்க, அதுல ஏதோ கணக்கு இருக்கும்னு உட்டுட்டேன்."

"அப்புறம் அன்னிக்கு ஏன் அண்ணா நீங்க சொன்னீங்க?"

"அந்தப் புள்ள முன்னால நீங்க நின்ன நெலம பாக்கச் சகிக்கலீங்க." கொஞ்சம் தயங்கினார். "நான் சொன்னா, இல்ல, அவரு இல்லைன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சேன். நீங்க பரவால்லைன்னு சொன்னீங்க பாருங்க. ஊடு வர்ற வரைக்கும் அது..."

பூவாயி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஹேமலதா அங்கேயே, அவர் முன்னாலேயே, கவிப்பிரியாவுக்குப் போன் போட்டாள். உள்ளே பூவாயிக்கும் கேட்கட்டும் என்று குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள். மறுமுனையில் கவிப்பிரியா முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் மேடம். வாய் தவறிச் சொன்னா நாலு வருஷமும் சரியா முக்கால் பங்கா வராது. நீங்களே கூப்பிடுவீங்கன்னு காத்திருந்தேன். நோட்டு முழுக்கப் படம் எடுத்து அனுப்புங்க. நடந்ததை ஒரு கடிதமா எழுதிக் கொடுங்க. உங்க பேர்ல."

"என் பேர்லதான்" என்றாள் ஹேமலதா.

நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மாதப்பன் பக்கங்களைப் புரட்டிப் பிடித்துக்கொண்டார். பூவாயி காபி கொண்டுவந்து வைத்தாள். வைத்த கையோடு போய்விட்டாள்.

மறுநாள் வட்டத்தில் அந்தக் கடிதத்தை எழுந்து நின்று படித்தாள். மாதப்பன் வரவில்லை. படித்து முடித்ததும் சக்திவேல், "விடுங்க டீச்சர், நாங்கெல்லாம் சேந்துதானே சிரிச்சோம்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அதைக் கேட்டதும் கூடத்தில் இருந்த ஒவ்வொருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். செயலாளர் வேலையை ஹேமலதா பிரிஸ்கில்லாவிடம் கொடுத்தாள். யாரும் வேண்டாம் என்று தடுக்கவில்லை. நாலு வருடத்து எண்களைத் திரும்ப ஏற்ற அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. கல்லூரியிலிருந்து வந்த புது அட்டவணையின் அடியில் மாதப்பனின் பெயரும் ஊரும் அச்சாகியிருந்தன. அதை அவள் தபாலில் அவருக்கு அனுப்பினாள். பதில் எதுவும் வரவில்லை. நாகலூர் பஸ்ஸில் அந்தப் பெயரை இனிமேல் சொல்ல வேண்டாம் என்று கண்டக்டரிடம் போய்க் கேட்டாள். "சரிங்க டீச்சர்" என்றார் அவர். அடுத்த வாரமும் அதே பெயரைத்தான் சொன்னார். வாயில் வந்துவிட்டது, அவரும் என்ன செய்வார்?

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதப்பன் வந்தார். பின் வரிசையில் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது என்றார். முன்பெல்லாம் அவர் கேள்விகள் நேராக ஹேமலதாவிடம்தான் வரும். இப்போது பிரிஸ்கில்லாவைப் பார்த்துக் கேட்டார்.

"என்ர தோட்டத்துல இடி உழுந்த சில்வர் ஓக்கு மரம் பட்டுப்போச்சுங்க, அது செரி. அதுக்கு அக்கட்ட நாலடி தள்ளி நின்ன பலா மரமும் ஒரு மாசத்துல காஞ்சு போச்சு. அது மேல இடி உழுகலையே, அதெப்படீங்க?"

"அதை ஹேமாதான் சொல்லணும்" என்றாள் பிரிஸ்கில்லா.

அவர் திரும்பினார். "சொல்லுங்க டீச்சர்" என்றார் மரியாதையாக. அந்த மரியாதையில் பழைய உரிமை இல்லை.

மின்சாரம் மண் வழியாகப் பரவுவதையும் வேர்கள் அடிபடுவதையும் அவள் தனக்குத் தெரிந்தவரை சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், மேஜை மேலிருந்த தன் விரல்களைப் பார்த்தே சொன்னாள். "ஒரு மாசம் கழிச்சு ஏன் காஞ்சுதுன்னு எனக்கு உறுதியாத் தெரியலீங்க அண்ணா" என்று முடித்தாள்.

"செரிங்க" என்றார் மாதப்பன். நாலு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கினார்.