பாட்டுக்கு வர விசா இல்லை

மலேசியாவில், கிள்ளானில் இருபத்தைந்து வருஷமாகக் கல்யாணமும் காதுகுத்தும் ஞானஸ்நானமும் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த கிரிகரி, போன மாதம் லைன் புரொடியூசர் ஆனார். எப்படி ஆனார் என்றால், முதலில் பெயர் அட்டை அடித்தார். வேலை அதற்கப்புறம்தான் வந்தது.

வெளிநாட்டிலிருந்து படக்குழு வந்தால் இடம், வண்டி, சாப்பாடு, அரசாங்க அனுமதி எல்லாம் பார்த்துக்கொடுப்பவர்தான் லைன் புரொடியூசர். கதையையும் நடிப்பையும் தவிர மற்ற அத்தனையும் அவர் தலையில். அப்படித்தான் கிரிகரியும் நம்பியிருந்தார்.

அவர் மனைவி மகதலேனா அந்த அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல என் போன் நம்பர்லா போட்டிருக்கு?"

"நீன்னா எடுப்ப. நான் எங்க எடுக்கிறேன்?"

"அப்ப லைன் புரொடியூசர் நான்தான்."

அந்த நம்பருக்குத்தான் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. ஒன்பது நாள் படப்பிடிப்பு. அடுத்த மாதம். கிரிகரி சந்தோஷத்தில் பங்குச் சாமியாரிடம் சொன்னார். சாமியார் அதை ஞாயிற்றுக்கிழமை பூசையில் அறிவித்துவிட்டார். அன்றிலிருந்து கோயில் பாடகர் குழுவில் பாதிப்பேர் உணவைக் குறைத்துவிட்டார்கள், கேமராவில் குண்டாகத் தெரியுமாம்.

டைரக்டர் ரெங்கசாமி முன்கூட்டியே இடம் பார்க்க வந்து இறங்கினார். நாற்பது வயது. இதற்கு முன் இரண்டு படம் எடுத்தவர். இரண்டும் சேர்ந்து தியேட்டரில் பதினோரு நாள் ஓடின. அவருக்கு மலேசியாவில் ஒரே ஒரு குறை. மலேசியா வெளிநாடு மாதிரி இல்லை.

பிரிக்பீல்ட்ஸில் பூக்கடையையும் முறுக்குக்கடையையும் பார்த்துவிட்டு, "கிரி சார், இதுக்கு நான் மாம்பலத்துலயே இருந்திருப்பேனே" என்றார். மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடைகளைப் பார்த்து, "எங்க சித்தி புடவை எடுக்க வந்த மாதிரி இருக்கு" என்றார். பந்திங் பக்கத்தில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் மட்டும் முகம் மலர்ந்தது. "இங்க ஒரு ஃபைட் வைக்கலாம்."

"யாரோட சார் ஃபைட்?"

"அது ஸ்பாட்டுல பார்த்துக்கலாம்."

கிரிகரிக்கு அடிவயிற்றில் லேசாக என்னமோ செய்தது. மதியம் சாப்பிட்ட நண்டு என்று எண்ணிக்கொண்டார்.

தயாரிப்பாளர் சென்னையிலிருந்து கறாராகச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுமதி விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் படம் பாங்காக்கில். படம் பாங்காக் போனால் கம்பெனிக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிரிகரி எந்த முகத்தோடு போவது? பாடகர் குழு பட்டினி கிடந்ததற்கு யார் பதில் சொல்வது?

ஆகவே வியாழன் பகல் பன்னிரண்டு மணிக்கு, டைரக்டரை அழைத்துக்கொண்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருந்த புனிதவதி அம்மாளின் அலுவலகத்துக்குப் படியேறினார். புனிதவதி முப்பத்துமூன்று வருஷம் அரசாங்க அமைச்சு ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது பிறருக்கு அரசாங்கப் படிவம் நிரப்பிக் கொடுப்பது தொழில். அவர் நிரப்பிய படிவம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பது பேச்சு. யாழ்ப்பாணத்தை அவர் பார்த்தது இரண்டே தடவைதான். ஆனால் தாத்தா காலத்தில் கப்பலேறி வந்த அந்தப் பேச்சு மட்டும் அவர் நாக்கைவிட்டு இறங்கவில்லை.

"வாங்கோ, இருங்கோ. எல்லாம் போட்டிட்டன். பதினாலாம் கட்டம் மட்டும் வெறுமையாக் கிடக்கு. கதைச் சுருக்கம். தம்பி, கதையைச் சொல்லுங்கோ."

ரெங்கசாமி குரலைத் தாழ்த்தினார். "கதை ரகசியம் மேடம். வெளிய போனா காப்பி அடிச்சிருவாங்க."

"நான் முப்பத்திமூண்டு வருஷம் அரசாங்க ரகசியம் காத்தவள். உங்கட கதையைக் காக்க மாட்டேனோ?"

டைரக்டர் தண்ணீர் குடித்தார். "ஒரு பையன் மேடம். சென்னைல. ஒரு பொண்ணு. மலேசியால."

"ஓம். பிறகு?"

"மூணு பாட்டு, ஒரு ஃபைட்."

"அதுக்கு நடுவில?"

"அங்கதான் மேடம் ரகசியமே இருக்கு."

அந்த ரகசியம் டைரக்டருக்கே தெரியாது என்பது கிரிகரிக்கு அப்போதுதான் உறைத்தது. நண்டு மேல் பழி போட்டது தப்பு.

புனிதவதி விடுவதாக இல்லை. "பெடியன் மலேசியாவுக்கு எதுக்கு வாறார்?"

"முதல் பாட்டுக்கு."

அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒரு தாளைப் பார்த்தார். "சுற்றுலா இருக்கு. வேலை இருக்கு. படிப்பு, வைத்தியம், உறவினரைப் பார்க்கிறது எல்லாம் இருக்கு. பாட்டுக்கு வர விசா இல்லைத் தம்பி."

ரெங்கசாமி நாற்காலியில் ஒரு சுற்றுச் சிறுத்துப்போய் உண்மையைச் சொன்னார். ஹீரோவின் கால்ஷீட் ஒன்பது நாள் கிடைத்திருக்கிறது. தயாரிப்பாளர் டிக்கெட் போட்டுவிட்டார். கதை மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. "எல்லா ஏற்பாடும் ஆயிடுச்சு மேடம். படம்தான் பாக்கி."

கிரிகரி மனசுக்குள் ஒரு 'அருள்நிறை மரியே' ஜெபம் சொன்னார்.

"அதுக்கென்ன, கட்டம் இருக்குத்தானே. கட்டம் கேக்கிறதுக்குப் பதில் சொன்னால் கதை வரும்" என்றார் புனிதவதி, ஏதோ மாவு பிசைந்தால் ரொட்டி வரும் என்பது போல. "பெடியன் சுற்றுலாவுக்கு வாறார். முப்பது நாளுக்குள்ள திரும்பிப் போக வேணும்."

"முப்பது நாளா?" டைரக்டர் எழுந்து நின்றுவிட்டார். "முப்பதே நாள்தானா?"

"அவ்வளவுதான் குடுப்பினம்."

"கிரி சார்! முப்பது நாள்ல காதலிச்சாகணும்! பதினஞ்சாவது நாள் இன்டர்வெல்!"

அதற்கப்புறம் கதை படபடவென்று வந்தது. பெண்ணுக்கு என்ன வேலை என்று படிவம் கேட்டது. ஷா ஆலம் தொழிற்சாலையில் வேலை கொடுத்தார்கள். எங்கே குடியிருக்கிறாள் என்று கேட்டது. கிள்ளானில் வீடு கொடுத்தார்கள். செம்பனைத் தோட்டத்துக்கு எதற்குப் போகிறார்கள் என்று கேட்டது. பெண்ணின் மாமாவுக்கு அங்கே கல்யாணம் வைத்தார்கள். ரெங்கசாமிக்கு முகத்தில் ரத்தம் ஊறியது. இருபத்தொன்பதாவது நாள் வரைக்கும் தடையில்லாமல் வந்து, முப்பதாவது நாளில் வண்டி குடை சாய்ந்தது.

"முப்பதாவது நாள் ஹீரோ ஏர்போர்ட்ல பாஸ்போர்ட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு அவகிட்ட ஓடி வர்றான்!"

புனிதவதி பேனாவைக் கீழே வைத்தார். "கடவுச்சீட்டைக் கிழிக்கிறதோ? என்ர படிவத்திலயோ?"

"காதலுக்காக மேடம்."

"காதலுக்காக எண்டாலும் குற்றம்தான். நான் எழுத மாட்டன்."

"அவன் சும்மா ஊருக்குத் திரும்பிப் போனா எவன் மேடம் படம் பார்ப்பான்?"

மணி இரண்டரை. இருவரும் இரண்டு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாங்காக் கிரிகரியின் கண்முன் வந்து வந்து போனது.

"போகட்டும் சார்" என்றார் கிரிகரி. அவர் வாயா அது என்று அவருக்கே சந்தேகம். "ஒழுங்கா டிக்கெட் எடுத்துப் போகட்டும். அவ வேன்ல கொண்டுபோய் ஏர்போர்ட்ல விடுறா. 'நீ உள்ள போ, நான் வேனை நிப்பாட்டிட்டு வர்றேன்'னு சொல்லிட்டுப் போறா. வரமாட்டா."

"ஏன்?"

"வேனுக்குள்ளயே உக்காந்திருக்கா. ஸ்டியரிங்கைப் புடிச்சிக்கிட்டு. டாஷ்போர்டுல அந்தோணியார் படம் ஒட்டியிருக்கு. அவர் பார்க்க அழறதுக்கு வெக்கமா இருந்திச்சு. வண்டி துடைக்கிற துணியால அவரை மூடிட்டு அழுதா. அங்க அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே உள்ள போறான். அப்புறம் ரெண்டு வருஷம் லெட்டர்லதான். எல்லா லெட்டர்லயும் பார்க்கிங் கிடைக்கலைன்னே எழுதினா. அவனும் நம்பினான். ரெண்டு வருஷம் கழிச்சு முறையா பேப்பரெல்லாம் எடுத்துக்கிட்டு அவளைக் கட்டிக்கத் திரும்பி வர்றான்."

ரெங்கசாமி மெல்ல, "சார், இதுதான் சார் படம்" என்றார்.

புனிதவதி மறுபேச்சில்லாமல் எழுதித் தட்டச்சு செய்து முடித்தார். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "பதினேழாம் கட்டம். உண்மைச் சம்பவத்தைத் தழுவினதோ? ஓம் எண்டால், சம்பந்தப்பட்டவையிட்ட ஒப்புதல் கடிதம் வேணும்."

"இல்லைன்னு போடுங்க மேடம்."

"நீங்கள் இல்லை எண்டு சொன்னால் இல்லை எண்டு போடுவன். என்னைப் பார்த்துச் சொல்லுங்கோ."

கிரிகரி அவரைப் பார்த்தார். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். கடைசியில் போனை எடுத்தார்.

"ஹலோ, லைன் புரொடியூசர் ஆபீஸ்" என்றாள் மகதலேனா.

"மேகி, ஒரு கையெழுத்து வேணும். நீயே வரணும். அஞ்சு மணிக்குள்ள."

"எங்க மாட்டிக்கிட்டீங்க? போலீஸ் லோக்காப்பா?"

"அதைவிட மோசம். வா, படிச்சுப் பாரு."

கோமுட்டர் ரயிலைப் பிடித்து, கே.எல். சென்ட்ரலில் இறங்கி நடந்து, நாலு இருபதுக்கு அவள் படியேறி வந்தாள். மூச்சு வாங்கியது. கையில் ஒரு பை கறிபாப், உள்ளே உருளைக்கிழங்குக் கறி வைத்துப் பொரித்தது. புருஷன் ஜெயிலில் இருந்தாலும் பசியோடு இருக்கக்கூடாது என்பது அவள் கட்சி. நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டு, கதைச் சுருக்கத்தைப் படித்தாள்.

முதல் பக்கம் படிக்கும்போது சிரித்தாள். இரண்டாவது பக்கத்தில் சிரிப்பு எங்கேயோ நின்றது. மறுபடி அந்தப் பக்கத்தையே ஆரம்பத்திலிருந்து படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"பார்க்கிங் கிடைக்கலைன்னீங்க."

கிரிகரி கறிபாப் பையின் வாயை மடித்து மடித்து வைத்தார்.

"நான் சவூதிக்கு நர்ஸ் வேலைக்குப் போன அன்னைக்கு. சுபாங் ஏர்போர்ட்ல. சுத்திச் சுத்தி வந்தேன், இடமே இல்லைன்னீங்க. இருபத்தெட்டு வருஷமா அதையேதான் சொல்றீங்க. எங்கம்மாகிட்டகூடச் சொன்னீங்க."

"இடம் இருந்திச்சு மேகி."

"எவ்ளோ நேரம்?"

"என்ன எவ்ளோ நேரம்?"

"அழுதது."

"பிளேன் மேல போற சத்தம் கேட்டிச்சு. அதுக்கப்புறமும் கொஞ்ச நேரம்."

ரெங்கசாமி ஜன்னல் பக்கம் போய், கீழே பூக்கடையை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். நாலு முப்பத்தெட்டு ஆகியிருந்தது. புனிதவதி மணியைச் சொல்லவில்லை.

மகதலேனா பேனாவைக் கேட்டு வாங்கினாள். புனிதவதி நீட்டிய ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போடப் போனவள் நிறுத்தினாள். "அக்கா, கதைல ஒரு தப்பு இருக்கு. திரும்பித் திரும்பிப் பார்த்தான்னு எழுதியிருக்கு. ரெண்டு தடவைதான் பார்த்தேன். மூணாவது தடவை திரும்பினப்ப கண்ணு ஒண்ணும் தெரியல."

"திருத்திறன்" என்றார் புனிதவதி. திருத்தினார். மகதலேனா கையெழுத்துப் போட்டாள். ஸ்கேனர் முனகிக்கொண்டே கடிதத்தை விழுங்கித் துப்பியது. நாலு ஐம்பத்திரண்டுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்து, கணினியில் ஒரு நீளமான எண் வந்தது. கிரிகரி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ரெங்கசாமி சென்னைக்குப் போன் போட்டு, "கதை ரெடி சார், ரொம்ப நாளா மனசுல இருந்தது" என்றார். யாருடைய மனசில் என்று சொல்லவில்லை. போனை வைத்ததும் கிரிகரியின் கையைப் பிடித்து, "டைட்டில்ல 'கதை'ன்னு உங்க பேர்தான் சார்" என்றார்.

எல்லோரும் கறிபாப் தின்றார்கள். பாதி தின்றுகொண்டிருக்கும்போது மகதலேனாவுக்கு ஒரு யோசனை வந்தது.

"தம்பி, வேன்ல உக்காந்து அழறது ஹீரோயின்தானே?"

"ஆமாங்க்கா."

"அப்ப இவருதான் ஹீரோயின்."

"ஒரு வகைல... ஆமா."

"யாரு நடிக்கிறாங்க?"

"மும்பைப் பொண்ணுக்கா. இடுப்பு வரைக்கும் முடி."

மகதலேனா புருஷனின் வழுக்கைத் தலையை நிதானமாக ஒரு தரம் பார்த்தாள். "சரியா வராதே தம்பி. இன்னும் கொஞ்சம் உண்மைக்குப் பக்கத்துல தேடுங்க."

கிரிகரி தலையைத் தடவிக்கொண்டு சிரித்தார். அவள் தன் பங்கில் மிச்சமிருந்த பாதிக் கறிபாப்பை அவர் கையில் வைத்தாள்.