யதீமாக்கப்பட்ட மரநாய்கள்

சாய்ந்தமருது அநாதை உயிர்கள் அரவணைப்புச் சங்கத்தில் எவரும் எழுதிவைக்காத, எவரும் மீறாத சட்டம் ஒன்று இருந்தது: மீட்கப்பட்ட குட்டியின் தாய் எங்கே என்று கேட்கக் கூடாது.

காரணம் எளிது. யதீமை, அதாவது அநாதையை, அரவணைப்பவருக்கு மறுமையில் கிடைக்கும் நன்மையை அறியாதவர் ஊரில் இல்லை. தாயுள்ள குட்டியைத் தூக்கிவந்தாலோ அதற்குப் பெயர் களவு. ஆகவே சங்கத்தின் கைக்கு வந்த அணிலும் குரங்கும் கொக்குக் குஞ்சும், வந்த கணத்திலேயே தாயை இழக்கும் பாக்கியம் பெற்றன. "மார்க்கப்படி வாப்பா இல்லாட்டித்தானே யதீம்?" என்று செயலாளர் அஸீம் ஒருமுறை ஐயம் எழுப்பினான். தலைவர் றுமைஸ் சேர் அசரவில்லை. "மரநாய்க்கு வாப்பா எங்க இரிக்கி? அப்ப எல்லாம் யதீம்தான்" என்றார். அந்த ஆய்வுத் தெளிவுக்குக் கைதட்டல் கிடைத்தது. அஸீமும் தந்தையைப் பற்றித்தான் கேட்டிருந்தான், தாயைப் பற்றியல்ல.

முஸ்பிறா குட்டிகளுக்குப் பாலூட்டுபவள். படம் எடுத்து முடியும்வரை தொண்டர்கள் குட்டியை மாறி மாறி ஏந்துவார்கள்; பிறகு அது அவளுடைய குசினிக்கு, அடுப்புச் சூட்டருகே, வந்துசேரும். அணிலும் கொக்கும் அங்கேதான் செத்தன. கொய்யா மரத்தடியில் அவற்றைப் புதைத்தவளும் அவளே. முகநூலில் அவை இன்னும் நலமாகவே இருந்தன.

இம்முறை வந்தவை இரண்டு மரநாய்க் குட்டிகள். றாஹிலா டீச்சரின் வீட்டுச் சீலிங்கிலிருந்து, ஆளுக்கொரு கட்டளையிட்டு, ஏணி வைத்து மீட்கப்பட்டவை. ஊட்டிய பாலையெல்லாம் அவை துப்பின. சின்னதின் உடல் குளிரத் தொடங்கியிருந்தது. சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி அதற்கு அணைவாக வைத்துக்கொண்டிருந்தபோது, றாஹிலாவின் அழைப்பு வந்தது.

"முஸ்பிறா, சத்தம் தாங்கேலா எண்டுதானே உங்கட ஆக்கள கூப்பிட்டன்? இப்ப தாய் விடிய விடியக் கத்திக்கிட்டுத் திரியிது புள்ள. குட்டிகளக் கொண்டாந்து வெச்சிருங்களன். பழைய சத்தமே பறவாயில்ல."

முஸ்பிறா குட்டிகளைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினாள். அங்கே 'யதீம் உயிர்கள் தினம்' தொடங்கவிருந்தது. கத்தாரிலிருந்து வந்திருந்த ஸைனுலாப்தீன் ஹாஜியார் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். அவர் அன்பளித்த புதுக் கூடு மேடையில் பளபளத்தது.

"சேர், தாய் இரிக்காம். இப்பவே கொண்டுபோய் வெச்சாத் தப்பும்."

றுமைஸ் சேர் புன்னகை கலையாமல் குரலைத் தாழ்த்தினார். "புள்ள, பெனர் அடிச்சாச்சி. ஹாஜியார் யதீமுக்குத்தான் கூடு தந்தவர். நீங்க இப்ப உம்மா, சாச்சி எண்டு முழுக் குடும்பத்தையும் கூட்டிக்கிட்டு வராதீங்க."

"சின்னது மூச்செடுக்கக் கஷ்டப்படுது சேர்."

"மறுகா அதுக்கும் சேத்து ஒரு துஆ கேப்பம். நீங்க ரெண்டு வசனம் கதைங்க. நன்றி மட்டும்."

ஒலிவாங்கியை அவளிடம் நீட்டினார். படத்துக்கு வாகாக அஸீம் பெட்டியின் மூடியைத் திறந்தான். சின்னது வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை.

"ஹாஜியார்," என்றாள் முஸ்பிறா, "இதுகள்ட உம்மா எங்க எண்டு ஆரும் உங்களுக்குச் சொல்லல்லதானே?"

மண்டபத்தில் யாரோ இருமலை விழுங்கினார்கள். றுமைஸ் சேரின் புன்னகை அப்போதுதான் கலைந்தது.

"றாஹிலா ராத்தாட சீலிங்குல இரிக்கா. ஹயாத்தோட, உசிரோட. நாங்கதான் இதுகள யதீமாக்கினது." அவள் பெட்டியை மூடிக் கையில் எடுத்தாள். "ஏணி பிடிக்க ஆர் வாறீங்க?"