சாய்ந்த ஏழு

கண்ணுக்கு நேரே தூக்கி, ஜன்னலைப் பார்த்துத் திருப்பி, தகட்டின் விளிம்பில் மூலைமட்டத்தை ஒட்டவைத்து ஒரு கண்ணை மூடிக்கொள்கிறேன், இரண்டு இரும்புக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் தகடு தேறாது, மறுபடி அரத்தை எடு, ராவு என்று பட்டறை வாத்தியார் தெய்வசிகாமணி சார் முதுகுக்குப் பின்னால் நின்று சொல்கிறார், சொல்கிறாரா, சொன்னாரா, இது நான் வேலை பார்க்கும் கம்பெனி ஜன்னலா, படித்த கல்லூரி ஜன்னலா, எல்லா ஜன்னலிலும் வெளிச்சம் ஒரே மாதிரி வந்து தொலைப்பதால் எனக்கு அடிக்கடி இடம் குழம்பிவிடுகிறது, குழம்பினால் நல்லதுதான், அப்பா இன்னும் என்னை நம்பிக்கொண்டிருந்த நாட்களில் போய் நின்றுவிடலாம். எங்கள் ஊருக்குத் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது ஒரு நோம்பி, திருவிழா போலத்தான் இருந்தது, பம்பு கம்பெனிக்காரர்களே இடம் கொடுத்தார்கள், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் கொடுத்தார்கள், துளை போடும் மெஷின் கொடுத்தார்கள், இனி நம் பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் பஸ் ஏற வேண்டாம் என்று மைக்கில் சொன்னார்கள், கை தட்டியவர்களில் என் அப்பாவும் ஒருவர், அதே கம்பெனியில் பம்புத் தகடு ராவுகிற பெஞ்சில் நிற்பவர், பொட்டப்புள்ளைக்கு எதுக்குங்க அரமும் சுத்தியலும் என்று கேட்டவரிடம், என்ற புள்ள படிக்கறதுக்கு உங்களுக்கென்னங்க நோகுது என்று மல்லுக்கு நின்றார். எனக்கு மட்டும் அப்போதே ஒரு நெருடல், இந்தக் காலத்தில் எவன் சும்மா கொடுப்பான், ஆனால் அதை அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை, அவர் முகத்தில் அத்தனை பெருமை.

ராவி முடித்த தகட்டின் மூலையில் அவரவர் எண்ணைச் சுத்தியலால் அடித்துப் பதித்துக் கொடுப்பது எங்கள் பட்டறை வழக்கம், என் எண் ஏழு, எப்படி அடித்தாலும் குடித்தவன் போலச் சாய்ந்தே விழும், சார் திட்டுவார், வீட்டில் சொன்னால் அப்பா சிரித்துச் சிரித்துப் புரையேறுவார், உன்ற ஏழை நிமித்தறதுக்குள்ள உன்ற படிப்பு முடிஞ்சிரும் அம்மணி. மதிப்பெண் போட்டதும் தகடுகள் நீல டிரம்மில் விழும், அதெல்லாம் கழிவு, உருக்கப் போகுது என்றார் சார், வெள்ளிக்கிழமைதோறும் டிரம்மை வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சரி, உருக்கப் போகிற இரும்பில் எதற்கு இரண்டு துளை, பாடப்புத்தகப் படத்தில் துளையே இல்லையே, கேட்டேன், கேட்காமல் விடுகிற ஆளா நான், கம்பெனிக்காரங்க குடுத்த படம் அது, கை பழகுதில்ல, பழகட்டும் என்று சொன்ன சார் என் முகத்தைப் பார்க்கவில்லை, அன்றிலிருந்து டிரம் என் கனவில் உருண்டது, உருண்டு உருண்டு எங்கள் வாசலுக்கே வந்து நின்றது, எட்டிப் பார்த்தால் உள்ளே இரும்பு இல்லை, அப்பாவின் கை மட்டும் கிடந்தது.

அப்பாவும் வீட்டில் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார், தகடு இப்பெல்லாம் ராவியே வருது அம்மணி, மூட்டை மூட்டையா வருது, நாங்க பெஞ்சுல சும்மா நிக்கறோம், எங்கிருந்து வருதுன்னு கேட்டா சூப்ரவைசர் சிரிக்கறான், எவனோ ஆத்துக்கு அந்தப் பக்கம் பட்டறை போட்டிருக்கான், எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட. நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன், கரண்டி அப்படியே நின்றது, துளை ரெண்டு இருக்குதுங்களா என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, சந்தேகம்தானே, சந்தேகத்தை வைத்துக்கொண்டு என்ன பேசுவது. பிறகு அந்தச் சாயங்காலம், அப்பா வேலை விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் சோறு கொண்டுபோகும் தூக்குப்போசியைத் திறக்கிறார், உள்ளே ஒரு தகடு, மூலையில் என் ஏழு, சாய்ந்தபடி. அவர் தன் மூலைமட்டத்தை எடுத்துவந்து மேற்கு ஜன்னலில் தகட்டைத் தூக்கிப் பிடித்தார், நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிறகு என்னிடம் நீட்டினார், வெளிச்சம் தெரியுதா பாரு அம்மணி. பார்த்தேன், துளி வெளிச்சமில்லை, அத்தனை நேர்த்தியாக ராவித் தொலைத்திருந்தேன், இவர் பெஞ்சுக்கு இனி ஆளே தேவையில்லை என்று சொல்கிற மாதிரி ராவியிருந்தேன், தெரியுதுங்கப்பா என்றேன். அவர் தகட்டைத் திரும்ப வாங்கி இன்னொரு தரம் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், இது அங்க வர்றது உனக்குத் தெரியுமா என்று கேட்டார், சத்தியமாத் தெரியாதுங்கப்பா, அது உண்மை, நெருடல் இருந்தது, தெரியாது, ஆனால் அவர் கண்முன்னே வெளிச்சத்தைப் பற்றிப் பொய் சொன்னவள் வாயிலிருந்துதானே அந்த உண்மையும் வந்தது. நீ சொன்னாச் சரிதான் அம்மணி என்றார்.

தை பிறப்பதற்குள் ராவுகிற பெஞ்சையே கழற்றிவிட்டார்கள், அதே தையில் எங்கள் வகுப்பு முழுவதையும் கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொண்டது, பஸ் ஸ்டாண்டில் பேனர், அதில் என் படம், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு உள்ளூரிலேயே வேலை, பொய்யென்று யார் சொல்ல முடியும், அப்பாவுக்கும்கூட உள்ளூரிலேயே வேலை கிடைத்தது, தெய்வசிகாமணி சார் சொல்லிக் கல்லூரி கேட்டில் வாட்ச்மேன், வெள்ளிக்கிழமை வேனுக்கு அவர்தான் கேட்டைத் திறந்துவிடுகிறார். வீட்டில் பேசாமல் இல்லை, குழம்பு நல்லாருக்குது என்கிறார், மழை வரும்போல என்கிறார், என் சாய்ந்த ஏழைப் பற்றி மட்டும் சிரிப்பதில்லை.

இப்போது கல்லூரியிலிருந்து வரும் மூட்டையைப் பிரித்துத் தகடுகளைச் சோதிப்பது என் வேலை, ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறேன், அடுத்ததை எடுக்கிறேன், பார்க்கிறேன், இதோ இந்தத் தகட்டில் தெரிகிறது, விளிம்போடு ஓடும் ஒரு கீற்று, எவளோ ஒருத்தி சரியாக ராவாமல் விட்டிருக்கிறாள், மகராசி, ஒதுக்கிப் போடவேண்டியதை மூலைமட்டத்தோடு முந்தானையில் சுற்றிக்கொண்டு சாயங்காலம் கல்லூரி கேட்டுக்குப் போகிறேன், அப்பா ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார், வெயில் இறங்கிக்கொண்டிருக்கிறது, இதைப் பாருங்கப்பா, வெளிச்சம் தெரியுதுங்கப்பா, நெசமாவே தெரியுது, நீங்களே புடிச்சுப் பாருங்க என்று நீட்டுகிறேன், அவர் கையை நீட்டவில்லை, தகட்டைப் பார்க்கவும் இல்லை, நீ சொன்னாச் சரிதான் அம்மணி என்று எழுந்து போய் வேனுக்குக் கேட்டைத் திறக்கிறார்.