கொலோன் ஒத்திகை

லண்டனுக்குப் போனோம், ஈஸ்ட்ஹாமில் நாலு வீட்டுக் கோழிக்கறி சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். பாரிசுக்குப் போனோம், அந்தப் பேர்போன இரும்புக் கோபுரத்தை மச்சாளின் பல்கனியில் நின்று, உடுப்புக் காயப்போட்ட கொடிக்கு மேலால், தீக்குச்சி அளவுக்குப் பார்த்தேன். ஊர் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு ஆட்களைப் பார்த்துவிட்டு வருவதுதான் எங்கள் சனத்தின் உல்லாசப் பயணம். அதனால் எங்களுடைய முப்பத்தைந்தாவது கலியாண நாளுக்கு மகள் ஸ்டெபனி ஜெர்மனிக்கு ரிக்கற் எடுத்துத் தந்தபோது நான் ஒரேயொரு நிபந்தனைதான் போட்டேன். ஓகஸ்டில் கேவலார் மாதா திருநாளுக்குப் போகமுதல் ஒரு சனி ஞாயிறு கொலோனில் நிற்க வேண்டும். நானும் என் மனுசன் பஸ்ரியனும் மட்டும். ஒருவர் வீட்டுக்கும் போகக்கூடாது, ஒருவரும் எங்களுக்குச் சோறு போடக்கூடாது.

கொலோன்தான் வேண்டும் என்று நின்றதற்குக் காரணம் இருக்கிறது. பஸ்ரியன் கனடாவுக்கு வரமுதல் இரண்டு வருசம் ஜெர்மனியில் அகதியாக இருந்தவர். நான் அப்போது யாழ்ப்பாணத்துப் பாஷையூரில், அவருக்குப் பேசி முடித்த பெண். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிய சந்தியில் இருந்த தொலைபேசிக் கடையில் போய்க் காவல் இருப்பேன். லைன் கிடைத்த நாட்களில் கொலோன் ஸ்ரேசனிலிருந்து பேசுவார். பெரிய கோயில் ஒன்று இருக்கிறது, வானத்தை முட்டுகிறது, உள்ளே பாலன் பிறப்புக்கு வந்த மூன்று இராசாக்களின் தங்கப் பேழை இருக்கிறது என்று சொல்லுவார். கடைக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, நான் வெட்கத்தில் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டு நிற்பேன். அந்தக் கோயிலுக்கு முன்னால் ஒருநாள் அவரோடு நிற்க வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். வேறு பெரிய ஆசை ஒன்றும் எனக்கு இல்லை.

எங்கள் கோயில் பங்கில் யார் ஜெர்மனிக்குப் போனாலும் முதலில் பஸ்ரியனிடம்தான் வந்து கேட்பார்கள். கையில் தேத்தண்ணியோடு அரை மணித்தியாலம் விளங்கப்படுத்துவார். இந்த ஆள் கொலோன் என்றவுடன் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தால், "அங்க என்னத்துக்கு? நேர கேவலாருக்குப் போவம்" என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தேத்தண்ணி போட்டுக் கொடுப்பதை நிறுத்தினேன். நாலு தரம் தானே போட்டுக் குடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். ஆனால் எங்கே போவது, எப்படிப் போவது என்ற திட்டம் முழுக்கத் தன்னுடையது என்றார். சரி, ஊர் தெரிந்த மனுசன் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிறு ஸ்டெபனி ரூஜில் இருக்கிற தன் வீட்டிலிருந்து, ஸ்காபரோ வோபர்னில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேசையில் அப்பாவும் மகளுமாக அந்தத் திட்டத்தைப் போனில் விரித்தார்கள். சனிக்கிழமைக்கு மட்டும் கோயில், ரோமர் காலத்து மிச்சங்கள், காதலர்கள் பூட்டுப் போடும் பாலம், பழைய நகரம், சொக்லேற் காட்சியகம், ஆற்றில் படகு, கம்பியில் தொங்கிப் போகும் வண்டி எல்லாம் கிடந்தது. கோயிலுக்குப் பத்து நிமிசம். சாப்பாடு நடந்துகொண்டே. ஞாயிற்றுக்கிழமை அங்கே கடையெல்லாம் பூட்டு என்பதை மட்டும் சரியாகப் போட்டிருந்தார்.

"அப்பா, திஸ் இஸ் நொட் ரியலிஸ்டிக்" என்றாள் ஸ்டெபனி. அம்மாவின் முழங்காலுக்கு இது சரிவராது என்றாள். பிறகு வரைபடத்தைப் பார்த்துவிட்டு, கோயில் ஸ்ரேசனின் முன்வாசலில்தானே நிற்கிறது, நீங்கள் ஏன் பின்வாசலால் இறங்கிச் சுற்றிப் போகிறீர்கள் என்று கேட்டாள். முன்பக்கம் சனம் கூட என்றார் பஸ்ரியன். முப்பது வருசம் ஸ்காபரோவில் பஸ் ஓட்டியவர் அல்லவா, நிறுத்தத்தில் ஏற்றி இறக்கிவிட்டு அடுத்த நிறுத்தத்துக்கு ஓடுகிற பழக்கம் போகவில்லை என்று நான் நக்கலடித்தேன். அவர் சிரிக்கவில்லை. கடைசியில் ஸ்டெபனிதான் ஒரு வழி சொன்னாள். வாற சனிக்கிழமை டவுன்ரவுனில் இதே தூரத்தை இதே நேரத்தில் நடந்து பாருங்கள், அம்மா தப்பிப் பிழைத்தால் திட்டம் பாஸ் என்றாள். பகிடிக்குத்தான் சொன்னாள். நான் விடவில்லை.

சனிக்கிழமை பஸ்ஸும் சப்வேயுமாக யூனியன் ஸ்ரேசனில் போய் இறங்கினோம். இதுதான் கொலோன் ஸ்ரேசன் என்று வைத்துக்கொள்வோம், ஷட்டர் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிற மைக்கல் சம்மனசின் பேராலயம்தான் அந்தப் பெரிய கோயில் என்று பேசிக்கொண்டோம். பெரிய தூண்களோடு முன்வாசல் அரண்மனை மாதிரி இருக்க, என் மனுசன் தெற்குப் பக்கப் பின்கதவால் என்னை இழுத்துக்கொண்டு போனார். கோயில் வடக்கே இருக்கிறது. ஒத்திகை என்றால் ஒத்திகைதான் என்று நானும் வாயை மூடிக்கொண்டு நடந்தேன்.

வெளியே வந்ததும் ஆள் மாறிவிட்டார். வீட்டிலிருந்து தபால் பெட்டிக்கு நடக்கவே அரை நாள் எடுக்கிற மனுசன், தோளைக் குறுக்கி, தலையைக் குனிந்து, சுவரோரமாக விறுவிறென்று போனார். நான் கூப்பிட்டது காதில் விழவில்லை. சந்தியில் நடப்பவர்களை நிறுத்துகிற கை விளக்கு விழமுதல் அவர் கடந்துவிட்டார். நான் இந்தப் பக்கம் நின்றேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து என்னைத் தெருவில் விட்டுவிட்டு அவர் போனதே இல்லை. பேராலயத்தை நான் மூச்சு வாங்கிக்கொண்டு எட்டியபோது, அதையும் தாண்டி அடுத்த மூலைக்குப் போயிருந்தார். கோயிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிலுவை போடவில்லை. முழங்கால் விண் விண் என்று வலிக்க, வாசல் படியில் குந்திவிட்டேன். என்னைக் காணவில்லை என்று தெரிந்து பதறியடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"உங்களுக்கென்ன விசரே? ஆரும் பின்னால கலைச்சுக்கொண்டு வருகினமே?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றார்.

நான் பகிடி என்றுதான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன், பகிடி இல்லை. பக்கத்தில் வந்து மெல்ல உட்கார்ந்தார்.

பிறகுதான் சொன்னார். அவருக்கு ஜெர்மனியில் கொடுத்த அகதிக் காகிதம் கொலோனுக்கு வெளியே ஒரு சின்ன ஊருக்கு மட்டுமானது. அந்த எல்லையைத் தாண்டக்கூடாது, வேலை செய்யக்கூடாது. ஆனால் என்னைக் கூப்பிடுவதென்றால் உழைக்க வேண்டுமே. ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் கோப்பை கழுவக் களவாக ரயில் ஏறி வருவாராம். ஸ்ரேசனின் பின்வாசலால் இறங்கி, சந்துகளால் குசினிக் கதவுக்குப் போய், அதே வழியால் திரும்புவாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ரெலிபோன் எடுக்க வருவதும் அப்படித்தானாம்.

"நிண்டு பாக்கிறவனைத்தான் காகிதம் கேப்பாங்கள், நிக்காமப் போ எண்டு கூட இருந்த பெடியள் சொல்லித் தந்தவங்கள். நான் ஒருக்காவும் நிக்கேல்லை வேரோனிக்கா. நிமிர்ந்தும் பாக்கேல்லை."

"அப்ப வானத்தை முட்டுது எண்டு எனக்குச் சொன்னது?"

"ரெலிபோன் பெட்டிக்குப் பக்கத்தில போஸ்ற்காட் வித்தவங்கள். அதில பாத்தது."

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பங்கில் பாதிச் சனத்துக்குப் போஸ்ற்காட்டை வைத்தே கொலோனைச் சுற்றிக் காட்டியிருக்கிறார் இந்த மனுசன். சிரிக்கத் தொடங்கியவள் இடையில் அழுதுவிட்டேன். தொலைபேசிக் கடையில் நான் வெட்கப்பட்டுக்கொண்டு கேட்ட நேரமெல்லாம், அந்தப் பக்கத்தில் இவர் கதவைப் பார்த்துப் பார்த்துப் பயந்துகொண்டு நின்றிருக்கிறார். பயத்தைக் குரலில் காட்டாமல் எனக்குக் கோயில் காட்டியிருக்கிறார். அந்த நேரம் அவர் மேல் எனக்கு வந்த பாசத்தைச் சொல்லி முடியாது.

"கொலோன் வேண்டாம் எண்டது உதுக்குத்தான்" என்றார். "இண்டைக்கு இஞ்சயே பாத்தனீர்தானே. கொலோன் எண்டு நினைச்ச உடன கால் தன்ர பாட்டில ஓடுது. உமக்கு ஒரு ஆசை இருக்கு. அங்க வந்து உம்மோட நிக்க என்னால ஏலுமோ தெரியேல்லை."

கன்னத்தைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கினேன். சொக்லேற், படகு, பாலம், கம்பி வண்டி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்தேன். அவர் தடுக்கவில்லை. சனிக்கிழமை காலைக்கு நேராக, முன்வாசலால் வெளியே வந்து கோயிலுக்கு முன்னால் நிற்பது என்று மட்டும் போட்டேன். அந்தத் திட்டம் ஸ்டெபனியின் போனிலும் தெரியும். உடனே கூப்பிட்டாள். காலை முழுக்க அதில் நின்று என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். அப்பாவுக்கு அந்த ஊர் தலைகீழ்ப் பாடம், எனக்குத்தான் ஆறுதலாகப் பார்க்க வேணும் என்று சொல்லிச் சமாளித்தேன். அவர் என்னை நன்றியோடு பார்த்தார். கெஞ்சுகிற நாய்க்குட்டி தோற்றுவிடும்.

"எழும்புங்கோ. இஞ்சயே நிண்டு பழகுவம்" என்று கையைப் பிடித்துத் தூக்கினேன்.

தெருவைக் கடந்து, கோபுரம் முழுக்கத் தெரிகிற இடத்தில் போய் நின்றோம். அவர் நிமிரவில்லை, கோயில் கதவு மட்டத்தில்தான் பார்வை. அந்த நேரம் பார்த்துச் சைக்கிளில் இரண்டு பொலிஸ்காரர் தெரு மூலையில் திரும்பி எங்கள் பக்கமாக வந்தார்கள். இந்த நாட்டுப் பாஸ்போட் வைத்திருக்கிற மனுசன், தன் பஸ்ஸில் எத்தனை பொலிஸை ஏற்றி இறக்கியவர். ஆனாலும் அவருடைய கை என் கைக்குள் இறுகியது, வலது கால் ஒரு அடி முன்னே போனது.

"நில்லுங்கோ" என்றேன் மெல்ல. "நான் நிக்கிறன்தானே."

போன கால் திரும்பி வந்தது. பொலிஸ்காரரில் ஒருவர் எங்களைப் பார்த்துக் காலை வணக்கம் சொல்லித் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர்கள் அடுத்த மூலையில் மறையும் வரைக்கும் பஸ்ரியன் மூச்சு விடவில்லை. பிறகு விட்டார். பிறகுதான் நாடியை உயர்த்தி, கழுத்தைப் பின்னால் சாய்த்து, கோபுரத்தை அடியிலிருந்து உச்சிச் சிலுவை வரைக்கும் பார்த்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. என் முழங்கால் என்னை விட்டுவிடு என்று கத்தியது, நான் அசையவில்லை.

"கொலோன் கோயில் இதைவிட எவ்வளவு பெரிசு?" என்று கேட்டேன்.

வேறு நாளாக இருந்திருந்தால் அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தியிருப்பார். அன்றைக்குக் கோபுரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"தெரியாது. ரெண்டு பேரும் போய் நிண்டு பாப்பம்."