ஆறு மணிச் சத்தம்

முப்பது வருஷமாகக் கத்தி பிடித்த கை அது. வாசலில் நின்றால் வெளிச்சமே உள்ளே வராது, அப்படி ஓர் உருவம். அப்பேர்ப்பட்ட கறிக்கடைக்காரருக்கு அந்தப் புதன்கிழமை ஒரு கினிப் பன்றியின் கூண்டுக்கு முன்னால் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

முயல்குட்டி அளவேயுள்ள அந்தக் கினிப் பன்றி அவருடைய எட்டு வயது மகளுடையது. அவள் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவுக்குக் கிளம்பிப் போனாள், வெள்ளிக்கிழமைதான் வருவாள். அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை, மாதம் ஒருமுறை எட்டிப் பார்ப்பதோடு சரி. ஆக, வீட்டில் இவரும் அதுவும்தான். மகள் அதற்கு வைத்த பேர் புலி. குக்கர் விசிலடித்தால் இந்தப் புலி கூண்டுக்குள் இருக்கும் செருப்புப் பெட்டிக்குள் ஓடிவிடும். அப்பா தும்மினாலும் பெட்டிக்குள்தான். பெட்டியில் வாசல் வெட்டி, உள்ளே தன் பழைய சட்டையை விரித்துக் கொடுத்ததும் மகள்தான்.

திங்கட்கிழமை ஒழுங்காகத் தின்றது. செவ்வாய் காலையிலிருந்து பெட்டியை விட்டு அசையவில்லை. வைத்த புல் வைத்தபடி கிடந்தது, கேரட் வாடிப்போனது. மனுஷன் என்ன செய்தார்? கடையில் கோழியைப் பிடிக்கிற பழக்கத்தில், மேலிருந்து ஒரே அமுக்காக அமுக்கித் தூக்கி, கேரட்டை வாயில் திணிக்கப் பார்த்தார். அது கத்தக்கூட இல்லை. கண்ணை அகல விரித்துக்கொண்டு கல்லாகக் கிடந்தது. அவர் விரலுக்கடியில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் இவருக்கே மூச்சு வாங்கியது. செத்துவிட்டால்? வெள்ளிக்கிழமை மகள் முகத்தில் எப்படி முழிப்பது?

கூண்டோடு தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டரிடம் ஓடினார். டாக்டரம்மா ஊசியில்லாத சிரிஞ்சில் ஏதோ கரைசலைப் புகட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இது இன்னைக்குத் தாங்கும். நாளைக்கு அதுவா தின்னணும். குடல் நின்னுபோச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

"என்னம்மா வியாதி?"

"பயம். மேலேருந்து கை நீட்டாதீங்க, அதுக்கு நீங்க கழுகு. தரையில உக்காருங்க. வீட்ல ஏதாவது சத்தமிருந்தா நிறுத்துங்க."

"சத்தமே இல்லீங்களே. நான் மட்டும்தான் இருக்கேன்."

டாக்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

சாயங்காலம் டீச்சருடைய போனிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

"புலி சாப்டுச்சாப்பா?"

"ம்... சாப்டுச்சு." சொல்லும்போதே வாய் கூசியது.

"காலைல பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போனீங்களா?"

"பாத்ரூமுக்கா? எதுக்கு?"

"ஐயோ, சொல்ல மறந்துட்டேன். நீங்க கத்தி தீட்டுவீங்கல்ல, அந்தச் சத்தம் ஆகாதுப்பா."

தினமும் காலை ஆறு மணிக்கு ஜன்னலோரம் நின்று, ஐந்து கத்திகளையும் இரும்புக் கோலில் சரக் சரக்கென்று தீட்டினால்தான் அவருக்குப் பொழுது விடிந்த மாதிரி. கடையில் கத்தியை விட்டு வரமாட்டார். துணியில் சுற்றி வீட்டுக்கே எடுத்து வந்துவிடுவார். அந்த ஜன்னலுக்குக் கீழேதான் கூண்டு. அந்த நேரத்துக்கு மகள் கூண்டோடு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், குழாய் ஓடிக்கொண்டே இருக்கும். "காலங்காத்தால என்னடி தண்ணிய வீணாக்குற?" என்று எத்தனை நாள் கத்தியிருக்கிறார்!

"புலிக்கு அவ்ளோ பயமா?"

"ம்." அப்புறம் சின்னக் குரலில், "புலிக்குத்தாம்பா" என்றாள்.

வேறு யாருக்கு என்று அவர் கேட்கவே இல்லையே. போனை வைத்த பிறகும் அந்தச் சின்னக் குரல் காதை விட்டுப் போகவில்லை. பாத்ரூம் கதவைத் திறந்து பார்த்தார். மூலையில் கவிழ்த்துப் போட்ட வாளி, அதன்மேல் மடித்து வைத்த துண்டு. ஒரு குழந்தை உட்காருகிற உயரம். உடனே கத்திகளைத் துணியில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கறிக்கடைக்காரர் தரையில் குப்புறப் படுத்திருந்தார். கூண்டுக் கதவு திறந்திருந்தது. நீட்டிய கையில் நாலு கொத்தமல்லித் தழை. பெட்டிக்குள் சத்தமே இல்லை. ஏழானது. கை மரத்தது, கடைச் சாவி இடுப்பில் குத்தியது, இருமல் வந்தது. இருமினால் எல்லாம் போச்சு என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். ஒருவேளை உள்ளே எல்லாம் முடிந்துவிட்டதோ என்று நினைத்த மாத்திரத்தில் உடம்பெல்லாம் வியர்த்தது. எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பெட்டி வாசலில் ஒரு மூக்கு தெரிந்தது. உள்ளே போனது. மறுபடி வந்தது. தழையின் நுனி ஆடியது.

நறுக் நறுக்கென்று மெல்லுகிற சத்தம் கேட்டது. அவ்வளவு பெரிய மனுஷன் தேம்பக்கூடத் தைரியமில்லாமல் அப்படியே கண்ணீர் விட்டார்.

வெள்ளிக்கிழமை இரவு மகள் வந்தபோது புலி அறை முழுக்கத் துள்ளி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கொஞ்சோ கொஞ்சென்று கொஞ்சிவிட்டுத் தூங்கிப்போனாள். கத்தியைப் பற்றிச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

சனிக்கிழமை காலை, ஆறு அடிக்க ஐந்து நிமிஷம். பாதிக் கண் மூடியபடி மகள் அறையிலிருந்து வந்தாள். அப்பா தரையில் உட்கார்ந்திருப்பதைக்கூடக் கவனிக்காமல் கூண்டைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பாத்ரூமைப் பார்த்து நடந்தாள்.

"எங்கம்மா போற?"

திடுக்கிட்டு நின்றாள். "கத்தி..."

"கடையில இருக்கு. இனிமே அங்கதான் தீட்டுவேன்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். அவருடைய கைகளைப் பார்த்தாள்.

"அஞ்சு கத்தியுமா?"

"அஞ்சும்."

கூண்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அப்போ நான் இனிமே தூங்கலாமாப்பா?"