கில்ன் நின்ற பிறகு கேட்டது

வேலைநிறுத்தத்தின் மூன்றாம் நாள் மதியம்தான் கருத்தையாவுக்கு அந்தச் சத்தம் முதலில் கேட்டது.

1996 மாசி. ராஜபாளையத்துக்குக் கிழக்கே பொட்டல் காட்டில் இருந்த அரசு சிமெண்ட் ஆலை அடைத்துக் கிடந்தது. வேலிக்கு வெளியே மேயும் ஆட்டின் கழுத்து மணி உள்ளே வரை கேட்டது. ஆலைக்குள் அவர் அதுவரை ஆட்டு மணியைக் கேட்டதில்லை.

உள்ளே இருந்தவர்கள் கில்ன் ஓட்டும் அவரும் உதவியாள் காளிராஜும் மட்டும். சங்கமும் நிர்வாகமும் சேர்ந்தே அதற்குச் சம்மதித்திருந்தன. சுண்ணாம்புக்கல்லைச் சுடும் கில்ன், ஒரு தெரு நீளத்துக்குப் படுத்திருக்கும் இரும்பு உருளை. சூடு இருக்கும்போது அசையாமல் விட்டால் தன் கனத்திலேயே வளைந்துவிடும். ஆறும் வரை அவ்வப்போது சின்ன மோட்டாரைப் போட்டுக் கால் சுற்று திருப்பி வைக்க வேண்டும். போராட்டம் முடிந்து திரும்பி வர ஒரு கில்ன் இருக்க வேண்டுமே.

டொக். கொஞ்சம் இடைவெளி. டொக், டொக்.

"ஏலே, உள்ள செங்கல் விழுதா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலயே அண்ணாச்சி."

"நல்லாக் கேளு. கதவத் தட்டுத மாதிரி."

காளிராஜ் உருளையில் காதை வைத்துப் பார்த்துச் சூடு தாங்காமல் துள்ளினான். "உள்ள ஆள் இருந்தா இந்நேரம் சிமெண்டாகி மூட்டைக்குள்ள போயிருப்பான். நீங்க வேற."

கருத்தையா முகப்பு மேடைக்கு ஏறிப் பார்வைத் துளையைத் திறந்தார். இத்தனை வருடமும் நீலக் கண்ணாடி வழியாகத் தீயை மட்டுமே பார்த்த துளை. இப்போது உள்ளே இருட்டு. அதிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்து முகத்தில் பட்டது. யாரோ மிக அருகில் நின்று மூச்சு விட்டது போலிருந்தது.

டொக். இந்தத் தடவை முதுகுக்குப் பின்னால். திரும்பினார். பூட்டிய சுவிட்ச் அறை. அதன் வாசல் வரை போனார். அங்கே நின்றபோது சத்தம் கில்ன் பக்கமிருந்து வந்தது.

"இருவத்தஞ்சு வருசச் சத்தம் திடுதிப்புனு நின்னா காது இப்படித்தான் வெளையாடும்" என்றான் காளிராஜ். "நாளைக்கு கேட் மீட்டிங்ல மைக்கப் புடிங்க. எல்லாம் சரியாப் போகும்."

இந்தப் போராட்டத்துக்கு முதலில் மைக்கைப் பிடித்தவரும் அவர்தான். புதிய பென்ஷன் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, "நம்ம பி.எஃப்.ல ஆலை போடுத பங்கப் பெருசா வெட்டி எடுத்துக்கிட்டு, பொறவு மாசாமாசம் நமக்கே கிள்ளிக் குடுப்பானாம்" என்று அவர் பேசியதைக் கேட்டுத்தான் பாதிப்பேர் வெளியே வந்தார்கள். பேசியதை அவர் நம்பினார். இப்போதும் நம்பினார்.

ஆனால் தை மாதம் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தார். இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, மதுரையில் காட்டு, தள்ளிப்போடாதே என்றார் டாக்டர். வீட்டில் அவர் சொல்லவில்லை. தான் செத்தால் பி.எஃப். பணம் மொத்தமாக வரும். மகன் சங்கிலிப்பாண்டி வாங்கத் துடிக்கும் லாரிக்கு அது போய்விடும். மகனிடம் இல்லையென்று சொல்லத் தெரியாதவள் மனைவி சுடலையம்மாள். பழைய திட்டத்தில் விதவைக்கென்று தனியாக வருவது அரிசிக்குக்கூடக் காணாது. புதியதில், அவள் காலம் முழுக்க அவள் பேருக்கு, பிழைத்துக் கிடக்கிற அளவுக்காவது வரும். அதை வேண்டாமென்று சொல்லத்தான் அவர் ஆள் திரட்டியிருந்தார்.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் எஞ்சின் இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. மடவார் வளாகம் நிறுத்தத்தில் இறங்கி, பஸ் நகர்ந்ததும், டொக். வேகமாக நடந்தார். அதுவும் வேகமாக வந்தது. நின்றார். அதுவும் தயங்கி, பிறகு ஒருமுறை தட்டியது.

சுடலையம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஏதோ தட்டுத சத்தம் கேக்குதா?"

"எது, இதா?" அவள் நிமிரவில்லை. "இது எப்பவும் கேக்குததுதான?"

"எப்பவுமா?"

"ஒங்களுக்குள்ள இருந்துதான வருது. பக்கத்துல படுக்கவளுக்குக் கேக்காதாக்கும். நீங்க மெசினுச் சத்தத்துலயே கெடந்தீய, ஒங்களுக்குத்தான் தெரியல." ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். "முந்தியெல்லாம் ஒழுங்கா வரும். தைக்குப் பொறவு நடுவுல நின்னு நின்னு வருது. நின்னா முழிச்சிக்கிடுவேன். திரும்ப வந்ததும் தூங்கிருவேன்."

அவர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். மயங்கி விழுந்ததைச் சொன்னார். டாக்டர் சொன்னதை, பென்ஷன் திட்டத்தை, எல்லாவற்றையும் சொன்னார்.

"அந்த மாசப் பணம் எம் பேருக்கா வரும்?"

"ஒம் பேருக்குத்தான்."

"சங்கிலி கேட்டாலும் மொத்தமா எடுத்துக் குடுக்க முடியாதுல்ல?"

"முடியாது."

அவள் முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "வெள்ளிக்கிழம மதுரைக்குப் போறோம். மீட்டிங்ல நீங்க பேசுனதயே பேசுங்க. நாலு பேரு ஒங்கள நம்பி நிக்காவ." உள்ளே போய் நெடுநேரம் அடுப்பைப் பற்ற வைக்காமலே நின்றாள்.

மறுநாள் காலை கேட்டுக்கு முன்னால் வெயில் ஏறியிருந்தது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். சங்கச் செயலாளர் ராஜரத்தினம், "போராட்டத்தத் தொடரலாம்ங்கிறவுக?" என்றார். கைகள் எழுந்தன. கருத்தையாவின் கையும் எழுந்தது.

"வேண்டாம், புதுத் திட்டத்த ஏத்துக்கலாம்ங்கிறவுக?" சம்பிரதாயத்துக்குத்தான் கேட்டார்.

கருத்தையா எழுந்து நின்று மறுபடி கையைத் தூக்கினார்.

சிரித்தார்கள். "அண்ணாச்சிக்கு வெயில் ஏறிருச்சுடோய்!" பின்னாலிருந்து ஒருவன், "ஆபீஸ்ல எம்புட்டுத் தாரான், அண்ணாச்சி?" என்றான்.

"ரெண்டுக்கும் தூக்குனா நான் எப்படி எண்ணுவேன்?" என்றார் ராஜரத்தினம்.

"முந்தித் தூக்குனது எனக்கு. இது எம் பொஞ்சாதிக்கு."

"அவுக இங்க வேலை பாக்கலயே?"

"வாங்கப் போறது அவதான, செயலாளரே. நான் இல்ல."

சிரிப்பு முன்வரிசையில் நின்றது. பிறகு பின்வரிசையிலும் நின்றது. கை இன்னும் மேலேதான் இருந்தது. காளிராஜ் அண்ணாந்து அவர் முகத்தையே பார்த்தான். பிறகு தலையில் கட்டியிருந்த துண்டை மெதுவாக அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து நின்றான், தெருவில் பிணம் போகும்போது செய்வதைப் போல. தான் செய்வது அவனுக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. அடுத்தவன் எழுந்தான். அவனும் அவிழ்த்தான். வரிசை வரிசையாகத் துண்டுகள் இறங்கின. கருத்தையாவைச் சுற்றி ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டுக் கூட்டம் விலகியது.

"கட்டுங்கப்பா" என்றார் அவர். "வெயிலு சுடுதுல்ல? நான் நின்னுக்கிட்டுத்தான இருக்கேன்."

ஒருவரும் கட்டவில்லை.